சாண எரிவாயு: தீ ஏன் துடிக்கிறது?

கேள்வி: நான்கு மாடுகளை நம்பி 2 கன மீட்டர் சாண எரிவாயுக் கலன் கட்டினோம். இப்போது தீ துடித்துத் துடித்து எரிகிறது, வாயுவும் குறைவு. கலனிலிருந்து வெளிவரும் சாணக் கரைசலை என்ன செய்வது?

பதில்: தீ துடித்தால் முதலில் குழாயைப் பாருங்கள். வாயுவோடு வரும் நீராவி குளிர்ந்து, குழாய் தாழ்ந்த இடத்தில் தண்ணீராகத் தேங்கும். அங்குள்ள வடிகுழாயைத் திறந்து வடித்துவிடுங்கள். அப்படி ஒன்று வைக்காமல் விட்டிருந்தால் இப்போதாவது வையுங்கள்.

வாயு குறைவதற்குக் கணக்கே காரணமாக இருக்கலாம். ஒரு கிலோ புதுச் சாணம் சுமார் 0.04 கன மீட்டர் வாயு தரும். தினமும் 2 கன மீட்டர் வாயு கிடைக்க 50 கிலோ சாணம், அதே அளவு தண்ணீர் வேண்டும். மேய்ச்சலுக்குப் போகும் நான்கு மாடுகளில் அவ்வளவு கிடைப்பது சந்தேகமே. மார்கழிக் குளிரிலும் வாயு குறையும். வெயில் ஏறிய பிறகு சாணத்தைக் கரைத்து ஊற்றுங்கள். தொழுவம் கழுவிய பினாயில், சோப்புத் தண்ணீர் கலனுக்குள் போகவே கூடாது, நுண்ணுயிர்கள் செத்துவிடும். வைக்கோல் துண்டுகளைக் கையால் பொறுக்கி எடுங்கள். உள்ளே போனால் மேலே மிதந்து ஆடையாக இறுகி, வாயுவை மேலெழ விடாது. எதற்காகவும் கலனுக்குள் ஆளை இறக்காதீர்கள், விஷவாயு உயிரைப் பறிக்கும்.

கரைசலை வெயிலில் காயப் போடுவதுதான் பலரும் செய்யும் தவறு. தழைச்சத்தின் (நைட்ரஜன்) ஒரு பகுதி அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். பாசன வாய்க்காலில் கலந்து விடுங்கள். வயல் தூரமென்றால், நிழலில் குழி வெட்டி, காய்ந்த சருகு, கரும்புத் தோகையை அடுக்கி அதன்மேல் ஊற்றி மட்க விடுங்கள்.