30 மீட்டர் இலக்கு இப்போது வேண்டுமா?
வணக்கம். ஸ்கூபா (காற்றுச் சிலிண்டருடன் நீருக்கடியில் நீந்துதல்) முதல்நிலைச் சான்றிதழ் பெற்ற கையோடு, அதற்குரிய 18 மீட்டர் ஆழ வரம்பைத் தாண்டி இந்த ஆண்டுக்குள் 30 மீட்டரைத் தொட்டுவிடும்படி நண்பர்கள் தூண்டுவதாகவும், இராமேசுவரம் பக்கம் அதற்கேற்ற ஆழம் இல்லை என்றும் வருந்தியிருந்தீர்கள். ஆழத்தை இப்போது இலக்காக வைக்காதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து.

30 மீட்டரில் அழுத்தம் கடல்மட்டத்தைப்போல் நான்கு மடங்கு என்பதால் சிலிண்டர் காற்றும் நான்கு மடங்கு வேகமாகத் தீரும். ஏறக்குறைய அதே ஆழத்தில் நைட்ரஜன் மயக்கமும் (அழுத்தத்தில் சுவாசிக்கும் நைட்ரஜன் மூளையை மந்தமாக்குவது) தலைகாட்டுவதால், மீதமுள்ள காற்றைக் காட்டும் அழுத்தமானியைப் பார்க்க வேண்டும் என்ற நினைப்பே மழுங்கிவிடக்கூடும். பதற்றத்தில் விறுவிறுவென்று மேலேறினால் நுரையீரலுக்கே ஆபத்து.

பாக் நீரிணை ஆழம் குறைந்ததுதான், ஆனால் புதியவருக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் ஏது? ஐந்து மீட்டரில், தரைக்குச் சற்று மேலே, எதையும் பற்றாமல் ஒரே மட்டத்தில் மிதந்து பாருங்கள்; காலில் அணிந்த துடுப்பு ஒருமுறை தாழ்ந்து அடித்தாலே வண்டல் கிளம்பி, கூட வருபவரின் முகம் மறைந்துவிடும். அது கிளம்பாமல் நீந்தப் பழகிய பிறகு, பயிற்றுநருடன் மேல்நிலைப் பயிற்சிக்குச் செல்லுங்கள். தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் மன்னார் வளைகுடா கொந்தளிக்கும். அப்போது பாக் நீரிணைப் பக்கமே பழகுவது நல்லது.