எஃப் மட்டும் ஏன் அபஸ்வரம்? – யூகுலேலே (கிடார் மாதிரியான நாலு கம்பிக் குட்டிக் கருவி) கேள்வி பதில்

சூரமங்கலம், ரயில்வே ஊழியர், வயது 52: வணக்கம் சார். எனக்கு விரல் தடிமன். இந்தக் குட்டிக் கருவியில உட்காருமா? எந்த சைஸ் வாங்கறதுங்க?

பதில்: சொப்ரானோ என்னும் சின்ன சைஸ் வேண்டாம். அதன் மொத்த நீளமே 21 அங்குலம். ஃப்ரெட்டுகளும் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்) கம்பிகளும் நெருங்கியிருப்பதால் தடித்த விரல் பக்கத்துக் கம்பியையும் சேர்த்து அமுக்கிவிடும். 23 அங்குல கான்சர்ட் பாருங்கள். அதில் நட்டிலிருந்து (கழுத்தின் மேல் முனையில் கம்பி உட்காரும் சிறு கட்டை) பிரிட்ஜ் (உடலில் கம்பியைப் பிடித்திருக்கும் கட்டை) வரை கம்பி அதிரும் நீளம் 15 அங்குலம். கை நிஜமாகவே பெரியது என்றால் 26 அங்குல டெனர். கடையில் நட் அகலத்தையும் கேளுங்கள். 35 மி.மீ.க்கும் 38 மி.மீ.க்கும் வித்தியாசம் பேப்பரில் சின்னது, தடித்த விரலுக்குப் பெரியது.

இந்த மூன்று சைஸுக்கும் சுருதி ஒன்றுதான் (ஜி-சி-ஈ-ஏ), கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) பிடிக்கும் வடிவமும் ஒன்றுதான். பாரிடோன் மட்டும் தனி ஜாதி: டி-ஜி-பி-ஈ. மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வாங்கினால் பாடம் எதுவும் ஒத்துவராது. 52 வயதெல்லாம் ஒரு தடையே இல்லை. நைலான் கம்பி என்பதால் விரல் நுனி எரிச்சல் இரண்டு மூன்று வாரத்தில் அடங்கிவிடும்.

செவ்வாய்ப்பேட்டை, வியாபாரி: ஆப் பார்த்து சுருதி சேர்த்தா பத்து நிமிஷத்துல இறங்கிடுது. கருவியே கோளாறுங்களா?

பதில்: பெரும்பாலும் கம்பி புதுசு, அவ்வளவுதான். நைலான் இழுபட்டு அடங்க ஒரு வாரம் பிடிக்கும். சீக்கிரம் அடங்க வேண்டுமானால், 12-வது ஃப்ரெட் அருகே ஒவ்வொரு கம்பியையும் விரலால் ஒரு சென்டிமீட்டர் மெதுவாகத் தூக்கி விட்டு, மறுபடி சுருதி சேருங்கள். நாலைந்து முறை செய்தால் பாதி வேலை முடிந்தது.

சுருதி கூடிவிட்டால் இறக்கி அப்படியே நிறுத்தக் கூடாது. நன்றாகக் கீழே இறக்கி, கீழிருந்து ஏற்றி நிறுத்த வேண்டும். இல்லையென்றால் கம்பியை முறுக்கும் கீயின் பற்சக்கரத்தில் தொய்வு தங்கி, நாலு தட்டு தட்டியதும் இறங்கும்.

இன்னொன்று. முகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நாலாவது கம்பி ஜி. கிடார் மாதிரி அதுதான் மந்தரம் என்று நினைக்காதீர்கள். ஜி 392, சி 261.6, ஈ 329.6, ஏ 440 ஹெர்ட்ஸ். நாலில் தாழ்ந்தது மூன்றாவது கம்பியான சி.

அம்மாப்பேட்டை, ஆசிரியை: சி, ஏ மைனர் ரெண்டும் இனிமையா இருக்குங்க. எஃப், சி செவன் மட்டும் அபஸ்வரம். விரல் வைக்காத திறந்த கம்பியெல்லாம் டியூனர்ல சரியா காட்டுது. விரல் வைக்கறதுல தப்பா?

பதில்: உங்கள் விரல் மேல் பழி போடாதீர்கள். நீங்கள் சொன்ன இரண்டுக்கும் பொதுவானது என்னவென்று பாருங்கள். எஃப்பில் ஈ கம்பியின் முதல் ஃப்ரெட், சி செவனில் ஏ கம்பியின் முதல் ஃப்ரெட். இரண்டும் முதல் ஃப்ரெட். சி கார்டில் அமுக்குவது மூன்றாவது ஃப்ரெட், ஏ மைனரில் இரண்டாவது.

நட்டில் கம்பி உட்காரும் பள்ளம் ஆழம் போதாமல் இருக்கிறது. கம்பி உயரமாக நிற்பதால் முதல் ஃப்ரெட்டில் அமுக்கும்போது தேவைக்கு மேல் இழுபடுகிறது, சுருதி ஏறுகிறது. நட்டை விட்டுத் தள்ளிப் போகப்போக இந்தக் கோளாறு குறையும். விலை குறைந்த கருவிகளில் இதுதான் முதல் நோய். "எனக்குக் காது இல்லை, கை வரவில்லை" என்று ஒதுக்கி வைக்கப்படும் யூகுலேலேக்களில் பாதிக்கு நட்டில்தான் குறை என்பது என் கணிப்பு.

சோதனை சுலபம். மூன்றாவது ஃப்ரெட்டில் கம்பியை அமுக்கிப் பிடித்து, முதல் ஃப்ரெட்டின் மேல் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். ஒரு காகிதம் நுழையும் அளவே இருக்க வேண்டும். விசிட்டிங் கார்டு தாராளமாகப் போனால் பள்ளத்தை ஆழப்படுத்த வேண்டும். கிடார் ரிப்பேர் பார்ப்பவரிடம் கொடுத்து, "நட் ஸ்லாட் கொஞ்சம் இறக்குங்க" என்று சொன்னால் போதும். வீட்டில் அரம் எடுக்காதீர்கள். ஒரு இழுப்பு அதிகமானால் திறந்த கம்பி முதல் ஃப்ரெட்டில் உரசி 'ஜிர்' என்னும். பிறகு நட்டையே மாற்ற வேண்டிவரும்.

12-வது ஃப்ரெட்டில் கம்பியின் உயரம் இரண்டரை முதல் மூன்று மி.மீ. இருந்தால் நல்லது. அதற்கு மேல் இருந்தால் பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் சாடில் என்ற பட்டையின் அடிப்பக்கத்தை உப்புத்தாளில் தேய்க்கலாம். அங்கே ஒரு மி.மீ. தேய்த்தால் 12-வது ஃப்ரெட்டில் அரை மி.மீ.தான் இறங்கும். இந்தக் கணக்கு தெரியாமல் பயந்து பயந்து தேய்ப்பவர்களும் உண்டு, ஒரேயடியாகத் தேய்த்துத் தள்ளுபவர்களும் உண்டு.

குகை, சின்ன வயசில் பாட்டு கற்றவர்: சரளி வரிசை வாசிக்க முடியுமா அண்ணா?

பதில்: தாராளமாக. சி-யை ஷட்ஜமாக வைத்தால் ஒரு கட்டை. சரளி வரிசைக்கான ராகம் மாயாமாளவகௌளை இப்படி: சி கம்பி திறந்து ச, 1-வது ஃப்ரெட்டில் ரி, ஈ கம்பி திறந்து க, 1-ல் ம, 3-ல் ப, 4-ல் த, ஏ கம்பி 2-ல் நி, 3-ல் மேல் ச. ஜி கம்பியைத் தொடவே வேண்டாம். முதல் ஃப்ரெட்டுக்கு ஆள்காட்டி, இரண்டுக்கு நடுவிரல், மூன்றுக்கு மோதிரம், நாலுக்குச் சுண்டு. சுண்டுவிரலுக்கு இதைவிட நல்ல பயிற்சி எந்த கார்ட் புத்தகத்திலும் இல்லை.

முதல் காலம், இரண்டாம் காலம் வரை அழகாக வரும். சுரத்தை அசைக்கும் கமகத்துக்கு ஆசைப்படாதீர்கள். கம்பி அதிர்ந்து நிற்கும் நேரம் குறைவு, வீணை மாதிரி இழுத்து வாங்கவும் இடமில்லை. சின்ன ஜாரு (சறுக்கல்) மட்டும் கிடைக்கும். கமகமே உயிரான தோடி ராகத்தைத் தொடாமல் விடுவது தோடிக்கு மரியாதை.

அஸ்தம்பட்டி, பாடுபவர்: என் சுருதி அஞ்சரைங்க. எல்லா பாடமும் சி-யில இருக்கு.

பதில்: அஞ்சரை கட்டை என்றால் ஜி ஷார்ப். முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பியையும் சேர்த்து அமுக்கும் கிளிப்) மாட்டி, ஜி குடும்ப வடிவங்களைப் பிடியுங்கள். சி-க்குப் பதில் ஜி (0232), எஃப்-க்குப் பதில் சி (0003), ஜி-க்குப் பதில் டி (2220), ஏ மைனருக்குப் பதில் ஈ மைனர் (0432). எண்கள் ஜி, சி, ஈ, ஏ வரிசையில் அமுக்க வேண்டிய ஃப்ரெட்; 0 என்றால் திறந்த கம்பி. கிடார் கேப்போ அழுத்தம் அதிகம், சுருதியை ஏற்றிவிடும். யூகுலேலேக்கு என்று விற்பதையே வாங்குங்கள்.

ஏற்காடு, காபித் தோட்டம்: இங்க பனியும் ஈரமும். வாரம் ஒருமுறை சேலம் வரேன். கருவி கெட்டுப்போகுமா?

பதில்: லாமினேட், அதாவது மெல்லிய அடுக்குகளை ஒட்டிய பலகை என்றால் கவலை குறைவு. ஒற்றைப் பலகை, அதாவது சாலிட் வுட் என்றால்தான் கவனம். அதற்குக் காற்றில் 45 முதல் 55 சதவீதம் ஈரப்பதம் பிடிக்கும். மேலே மூடுபனியில் பலகை உப்பி கம்பி உயரும். கீழே சித்திரை வெயிலில் விரற்பலகை சுருங்கி ஃப்ரெட்டின் ஓரம் கையில் குத்தும். அதிகம் போனால் பலகை வெடிக்கும்.

பெட்டியில் சிலிக்கா பாக்கெட் போடுங்கள், சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்து, பூட்டிய காரை வெயிலில் நிறுத்தி அதற்குள் கருவியை விட்டுப் போவதுதான் பெரிய ஆபத்து. பிரிட்ஜ் ஒட்டிய பசை இளகிப் பெயர்ந்துவிடும். ஊர் வந்ததும் உடனே சுருதி சேர்க்க வேண்டாம். பெட்டி அரைமணி நேரம் அறையில் இருக்கட்டும்.

கொண்டலாம்பட்டி, மாணவர்: சத்தம் பத்தலை. ஸ்டீல் கம்பி போடலாமா?

பதில்: கூடாது. இழுவை தாங்காமல் பிரிட்ஜ் பிய்ந்து வரும். தட்டும் இடத்தை மாற்றிப் பாருங்கள். ஒலித்துளைக்கு மேல் தட்டாமல், கழுத்தும் உடலும் சேரும் இடத்தில், கீழே போகும்போது ஆள்காட்டி நகத்தாலும் மேலே வரும்போது விரல் சதையாலும் தட்டுங்கள். முழங்கையை ஆட்டாமல் மணிக்கட்டைத் தளர விடுங்கள். கருவியின் பின்பலகையை நெஞ்சோடு இறுக்கி அணைத்திருந்தாலும் சத்தம் அடங்கும். ஸ்ட்ராப் போட்டால் அது தீரும்.