பழைய லேப்டாப்பை காயலாங்கடைக்கு போடறதுக்கு முன்னாடி: வாசகர் கேள்வியும் நம்ம பதிலும்

போன மாசம் "லினக்ஸ் (விண்டோஸ் மாதிரியே கம்ப்யூட்டரை ஓட்டற அடிப்படை சாப்ட்வேர், யார் வேணா எடுத்து போட்டுக்கலாம்) பத்தி என்ன வேணா கேளுங்க"ன்னு ஒரே ஒரு வரிதான் போட்டேன், லெட்டரு, வாட்ஸ்அப்பு, வாய்ஸ் நோட்டுன்னு குவிஞ்சு போச்சு, ஒருத்தர் மஞ்சக்குப்பம் மைதானத்துல வாக்கிங் போய்க்கிட்டே மூச்சு வாங்க நாலு நிமிஷம் பேசி அனுப்பிருக்காரு. எல்லாத்துக்கும் எடம் இல்ல. பேரை எல்லாம் எடுத்துட்டு ஊரை மட்டும் விட்டு வச்சிருக்கேன்.

ரிட்டயர்டு வாத்தியார் நான். 2016ல வாங்கின லேப்டாப்பு, ஐ3 ஆறாவது ஜெனரேஷன், 4 ஜிபி ராம். விண்டோஸ் 10 முடிஞ்சு போச்சு, 11 இதுல ஏறாது, புதுசு வாங்கிடுங்கன்னு கடைக்காரர் சொல்றாரு. ஆனா இது நல்லாதானே ஓடுது? — நெல்லிக்குப்பம்

சார், கடைக்காரர் சொன்னதுல பாதி உண்மை. 2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு சப்போர்ட் முடிஞ்சுது. 11க்கு டிபிஎம் 2.0ன்னு ஒரு சிப்பு சமாச்சாரம் வேணும், இன்டெல்னா எட்டாவது ஜெனரேஷனாவது இருக்கணும், உங்களுது ஆறு, அதனால முறைப்படி ஏறாது. ஆனா முடிஞ்சு போச்சுன்னா மெஷின் நின்னு போயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல, புதுசா ஓட்டை கண்டுபிடிச்சா அடைக்க ஆள் வரமாட்டாங்க, ஓடு மாத்தாத வீடு மாதிரி, சித்திரை வெயில்ல ஒண்ணும் தெரியாது, ஐப்பசி வந்தாதான் தெரியும். அவசரமும் இல்ல, மைக்ரோசாப்டே 2026 அக்டோபர் 13 வரைக்கும் ஒரு வருஷம் எக்ஸ்ட்ரா செக்யூரிட்டி அப்டேட் தராங்க, செட்டிங்ஸ்ல அப்டேட் பக்கத்துலயே சேர்றதுக்கு வழி இருக்கும்.

அந்த டைம்ல நீங்க செய்ய வேண்டியது இதான். 8 ஜிபி பென்டிரைவ் ஒண்ணு எடுத்து அதுல லினக்ஸ்லயே ஒரு வகையான லினக்ஸ் மின்ட்டை ஏத்துங்க (டவுன்லோடு 3 ஜிபிக்கு பக்கம் வரும், பேரன் யாராவது இருந்தா அவன் தலையில கட்டுங்க), லேப்டாப்பை ஆன் பண்ணும்போது எஃப்12ஓ எஸ்கேப்போ தட்டினா பென்டிரைவ்ல இருந்தே ஓடும், உள்ள இருக்கற விண்டோஸை தொடவே தொடாது. ரெண்டு நாள் அப்படியே வச்சு ஓட்டுங்க. வைஃபை புடிக்குதா, சத்தம் வருதா, பிரிண்டர் தெரியுதா, பாங்க் சைட் தொறக்குதான்னு பாருங்க, எல்லாம் சரின்னா பேக்கப் எடுத்துட்டு இன்ஸ்டால் பண்ணுங்க, இல்லன்னா பென்டிரைவை புடுங்கிட்டு எப்பவும் போல விண்டோஸ்ல இருங்க. உங்க மெஷினுக்கு மின்ட்ல எக்ஸ்எஃப்சிஇ எடிஷன் போதும், 4 ஜிபிக்கு அது லேசா இருக்கும். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரைக்கும் அப்டேட் உண்டு. இன்னொண்ணு, உள்ள இன்னும் பழைய ஹார்டு டிஸ்க்குதான் சுத்துதுன்னா அதை எடுத்துட்டு ஒரு எஸ்எஸ்டி (சுத்தற தட்டே இல்லாத வேகமான டிஸ்க்) போடுங்க, புது லேப்டாப் விலையில அது ஒரு மூலைக்கு காணாது, ஆனா மெஷின் எழுந்து ஓடும். இதை கடைக்காரர் ஏன் முதல்ல சொல்லலன்னு நான் சொல்லி நீங்க தெரிஞ்சுக்கணுமா.

முன்னாடி நீங்க எழுதினதை நம்பி லினக்ஸ் போட்டேன். டி டிரைவ் மொத்தமா காணோம். கல்யாண போட்டோ எல்லாம் அதுலதான் இருந்துச்சு. — முதலியார்பேட்டை, புதுச்சேரி

தப்பு என்னுதுதான் தம்பி, "பேக்கப் எடுங்க"ன்னு முதல் வரியில எழுதிருக்கணும், கடைசில எங்கயோ சொருகி வச்சேன். இன்ஸ்டால் பண்ணும்போது "டிஸ்க்கை அழிச்சிட்டு இன்ஸ்டால் பண்ணு"ன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அது சி டிரைவை மட்டும் அழிக்கும்னு நம்ம நினைப்பு, லினக்ஸ்க்கு சியும் தெரியாது டியும் தெரியாது, அதுக்கு மொத்தமா ஒரே டிஸ்க்குதான். நானே இப்படி ஒரு தடவை வீட்டு விசேஷ வீடியோ எல்லாத்தையும் தொலைச்சு ஒரு வாரம் சோறு இல்லாம கெடந்தவன்.

இப்போ உடனே அந்த மெஷினை ஆஃப் பண்ணுங்க, அதுல இனிமே எதையும் சேவ் பண்ணாதீங்க, ஒவ்வொரு ஃபைல் எழுதும்போதும் பழைய போட்டோ மேல மண்ணு விழுது. பென்டிரைவ்ல இருந்து மின்ட்டை ஓட்டி, வெளியில ஒரு ஹார்டு டிஸ்க் மாட்டி, டெஸ்ட்டிஸ்க்குன்னு ஒரு சாப்ட்வேர் போட்டு முதல்ல பழைய பார்ட்டிஷன் (டிஸ்க்ல டி டிரைவ் இருந்த பிரிவு) கெடைக்குதான்னு தேடுங்க, கெடைக்கலன்னா அது கூடவே வர போட்டோரெக்கை ஓட்டுங்க. ரெண்டும் கட்டற்ற மென்பொருள்தான், அதாவது ஃப்ரீ சாப்ட்வேர். ஃபைல் பேரெல்லாம் போயிடும், ஆனா படம் நெறைய திரும்பி வரும். ஹார்டு டிஸ்க்னா நம்பிக்கை அதிகம், எஸ்எஸ்டின்னா கொஞ்சம் கஷ்டம்தான், அதையும் சொல்லிடறேன்.

ஃப்ரீ சாப்ட்வேர்னா ஓசி சாப்ட்வேர்தானே? கிராக் பண்ணினதும் ஓசிதானே, என்ன வித்தியாசம்? — கடலூர் ஓ.டி. (ஓல்டு டவுன்)

தேவனாம்பட்டினத்துல பைபர் படகு வச்சிருக்கறவங்களை கேட்டுப் பாருங்க. ஒரு இன்ஜின், கழட்டி மாட்டலாம், உள்ளூர் மெக்கானிக்கே பிஸ்டன் மாத்துவாரு, வேணும்னா பக்கத்து படகுக்காரனும் பாத்து கத்துக்குவான். இன்னொரு இன்ஜின், சீல் வச்சது, கம்பெனி ஆள் வந்தாதான் தொறக்க முடியும், நீங்க தொறந்தா வாரன்ட்டி போச்சு. ரெண்டாவதை யாரோ உங்களுக்கு சும்மா குடுத்தாலும் சாவி அவங்க கையிலதான். கிராக் பண்ணின சாப்ட்வேர் அந்த சீல் வச்ச இன்ஜின்தான், அதுவும் யார் பூட்டை உடைச்சு உள்ள என்ன வச்சு குடுத்தாங்கன்னு தெரியாத இன்ஜின். ரிச்சர்ட் ஸ்டால்மன்ங்கற புரோகிராமர் 1983ல க்னூன்னு ஃப்ரீ சாப்ட்வேர் திட்டத்தை ஆரம்பிச்சப்போ பேசினது காசைப் பத்தி இல்ல, சாவி யார் கையிலங்கறதைப் பத்தி. அதனாலதான் தமிழ்ல இலவசம்னு சொல்லாம கட்டற்றன்னு சொல்றோம், இங்கிலீஷ்ல ஃப்ரீன்னா ரெண்டு அர்த்தமும் வரும், இந்த ஒரு விஷயத்துல தமிழ் இங்கிலீஷை விட தெளிவு.

திருப்பாதிரிப்புலியூர்ல 18 வருஷமா டிடிபி சென்டர் வச்சிருக்கேன். கல்யாண பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கோயில் நோட்டீஸ்தான் தொழில். பக்கம் கட்டறது எல்லாம் பேஜ்மேக்கர், எழுத்து எல்லாம் பாமினி, வானவில் ஃபான்ட்டு. நானும் லினக்ஸ்க்கு மாறலாமா? — ஒரு வாசகி

அக்கா, இப்போதைக்கு மாறாதீங்க. லினக்ஸ் ஆதரவாளன் எழுதற பதிலான்னு கேப்பீங்க, ஆனா உங்க கேள்விதான் இந்த மாசம் வந்ததுலயே உண்மையான கேள்வி, அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன்.

பாமினில நீங்க "அம்மா"ன்னு அடிக்கறீங்க, கண்ணுக்கு அம்மாதான் தெரியும், ஆனா கம்ப்யூட்டர் உள்ள சேவ் ஆகறது எம், கே, செமிகோலன், கே, எச். அது மேல தமிழ் எழுத்து மாதிரி ஒரு முகமூடி மாட்டிருக்கு, அதான் அந்த ஃபான்ட்டு. முகமூடியை கழட்டினா இங்கிலீஷ் குப்பை. உங்க 18 வருஷ ஃபைல்ல ஒரு மாப்பிள்ளை பேரை தேடினா கெடைக்காது, வாட்ஸ்அப்ல ஒட்டினா புரியாது, வேற சென்டருக்கு அனுப்பினா அவங்ககிட்டயும் அதே ஃபான்ட்டு இருக்கணும். வானவில்லுக்கு உள்ள எழுத்து வரிசையே வேற, ஒண்ணுல அடிச்சதுக்கு இன்னொண்ணை மாத்தி மாட்டினா ரெண்டும் கெட்டுது. பேஜ்மேக்கரோ 7.0தான் கடைசி, வந்தது 2001ல, அதை செஞ்ச கம்பெனியே கைவிட்டு எவ்ளோ வருஷம் ஆச்சு. ஆக நீங்க மாட்டிக்கிட்டு இருக்கறது விண்டோஸ்ல இல்லக்கா, ஃபைல்ல. நம்ம ஊர்ல லினக்ஸ் வந்து வந்து நிக்காம போறதுக்கு காரணம் லினக்ஸ் கஷ்டம்ங்கறது இல்ல, நம்ம எழுதி வச்சதெல்லாம் வேற ஒருத்தர் பூட்டுக்குள்ள கெடக்குங்கறதுதான்னு நான் ரொம்ப நாளா சொல்லிட்டு வரேன், யாரும் கேக்கறதில்ல.

அதனால வேலையை தலைகீழா பண்ணுங்க. விண்டோஸ் அப்படியே இருக்கட்டும், இந்த மாசத்துல இருந்து வர புது வேலையை மட்டும் யூனிகோட்ல (முகமூடி இல்லாம தமிழ் எழுத்தாவே சேவ் ஆகற பொது முறை) அடிங்க. பாமினி கை பழகினவங்களுக்கு அதுக்கான தமிழ்99 கீபோர்டு முதல் பத்து நாள் எரிச்சலா இருக்கும், அப்புறம் விடமாட்டீங்க, புள்ளி பாதிக்கு மேல தானா விழும். பழைய ஃபைல்ல திரும்பத் திரும்ப வர மேட்டர் இருக்கும்ல, "நிகழும் மங்களகரமான"ன்னு ஆரம்பிக்கற பத்தி, அதை மட்டும் கன்வெர்ட்டர்ல போட்டு மாத்தி ஒரு தடவை புரூஃப் பாத்து வச்சுக்கோங்க, ணகரம் னகரம் அங்கங்க சறுக்கலாம், பேர்ல சறுக்கினா மாமனார் வீட்டு சண்டை. பேஜ்மேக்கர் ஃபைலை லிப்ரே ஆபீஸ்ங்கற கட்டற்ற ஆபீஸ் சாப்ட்வேர்லயே தொறக்கலாம், 2015ல வந்த 4.4ல இருந்து அந்த வசதி இருக்கு, ஆனா லேஅவுட் அங்கங்க நவுந்து நிக்கும், மேட்டரை எடுக்கறதுக்கு உதவும், அச்சுக்கு அப்படியே அனுப்ப முடியாது.

பக்கம் கட்டறதுக்கு ஸ்க்ரைபஸ் இருக்கு. முந்தியெல்லாம் அதுல தமிழ் போட்டா கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம்னு பிச்சுக்கிட்டு நிக்கும், நானே திட்டிருக்கேன். 2024 ஜனவரில வந்த 1.6ல ஒழுங்கா வருது. பூ, பிள்ளையார், குத்துவிளக்கு வரையறதுக்கு இங்க்ஸ்கேப். இது ரெண்டும் விண்டோஸ்லயும் ஓடும்ங்கறதுதான் விஷயமே, இன்னைக்கே உங்க மெஷின்ல போட்டு ஓய்வு நேரத்துல கை வைங்க. புது ஃபைல் எல்லாம் யூனிகோட், சாப்ட்வேர் எல்லாம் ஸ்க்ரைபஸ்னு ஆகற அன்னைக்கு அடியில விண்டோஸ் இருக்கா லினக்ஸ் இருக்கான்னு உங்களுக்கே ஞாபகம் வராது. அப்பவும் பிளேட் போடற பிரஸ்காரர் பிடிஎஃப் வாங்கிக்குவாராங்கறதை முதல்லயே கேட்டு வச்சுக்கோங்க, நம்ம ஊர்ல அங்கதான் போய் முட்டும்.

அண்ணா, காலேஜ்ல ஆர்ச் லினக்ஸ் (எல்லாத்தையும் நாமளே கையால கட்டணுமே, அந்த வகை) போடாதவன் ஆளே இல்லங்கறானுங்க. மின்ட்டுன்னா சிரிக்கறானுங்க. — காலாப்பட்டு

சிரிக்கட்டும். செமஸ்டர் பிராஜெக்ட் சப்மிட் பண்ற அன்னைக்கு காலைல யாரு மெஷின் பூட் ஆகுதுன்னு பாத்துட்டு அப்புறம் நீ சிரி. கத்துக்கற ஆசையில ஆர்ச் போடறேன்னா தாராளமா போடு, வர்ச்சுவல் மெஷின்ல (இருக்கற சிஸ்டத்துக்குள்ளயே ஓடற டம்மி கம்ப்யூட்டர்).

எங்க பெரியப்பா சொல்தா (பிரெஞ்சு ராணுவத்துல இருந்தவரு), பிரான்ஸ்ல இருக்காரு. அங்க போலீஸே லினக்ஸ்தான்னு சொல்றாரு, கதையா? — வைசியாள் வீதி பக்கம், புதுச்சேரி

கதை இல்ல. ஜான்டார்மெரின்னு அங்க ஒரு போலீஸ் பிரிவு, முதல்ல ஆபீஸ் சாப்ட்வேரை மாத்தி, அப்புறம் பிரவுசரை மாத்தி, ஆளுங்க கை பழகினப்புறம் 2008 வாக்குல உபுண்டுங்கற லினக்ஸ் வகைக்கு வந்தாங்க, அதுக்கு ஜென்ட்பண்டுன்னு பேரு, இப்போ லட்சம் மெஷினை ஒட்டி ஓடுது. மேல டிடிபி அக்காவுக்கு சொன்னேனே, அதே வரிசைதான். ஜெர்மனில ம்யூனிக் நகராட்சி 2003ல முடிவு பண்ணி 15,000 மெஷின் வரைக்கும் மாத்திட்டு, 2017ல திரும்ப விண்டோஸ்க்கே போறோம்னு ஓட்டு போட்டாங்க, அதுவும் உண்மை. அதே ஜெர்மனில ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 2024ல 30,000 மெஷினை மாத்தறோம்னு அறிவிச்சிருக்கு. பெரியப்பாகிட்ட இன்னொண்ணும் சொல்லுங்க, நம்ம எல்லாரும் படம் பாக்கற விஎல்சி பாரீஸ்ல காலேஜ் பசங்க ஆரம்பிச்சதுதான்.

நம்ம கதையும் இருக்கு. 2011ல தமிழ்நாட்டுல குடுத்த விலையில்லா லேப்டாப்புல விண்டோஸ் கூட பாஸ் லினக்ஸும் இருந்துச்சு, மத்திய அரசோட சி-டாக் நிறுவனம் செஞ்சது. எத்தனை பேர் தொட்டோம்? எனக்கு தெரிஞ்ச பசங்க எல்லாம் வாங்கின வாரத்துலயே கடைக்கு எடுத்துட்டு போய் அதை வழிச்சுப் போட்டுட்டு பைரேட்டட் விண்டோஸ் ஏத்திட்டு வந்தானுங்க. லேப்டாப் குடுத்தவங்க கூடவே பத்து நாள் சொல்லிக் குடுக்க ஒரு ஆளையும் அனுப்பிருந்தா கதை வேற.

லினக்ஸுக்கு யார் வேணா கோடு எழுதலாம்னா திருடனும் எழுதலாம்ல? — பண்ருட்டி

எழுதினான். எக்ஸ்இசட்னு ஃபைலை சுருக்கற ஒரு சின்ன சாமான், கிட்டத்தட்ட எல்லா லினக்ஸ்லயும் இருக்கும், அதை ஒத்தை ஆளா ஒருத்தர் பாத்துக்கிட்டு இருந்தாரு. ஜியா டான்னு ஒரு பேர்ல ஒருத்தன் வந்து ரெண்டு வருஷத்துக்கு மேல நல்ல புள்ளையா வேலை செஞ்சு நம்பிக்கை வாங்கி, 5.6.0 வெர்ஷன்ல கள்ளச்சாவி வச்சுட்டான். ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட்னு ஒரு இன்ஜினியர், மைக்ரோசாப்ட்ல வேலை பாக்கறவரு (ஆமா, அங்கதான்), ரிமோட் லாகின் (தூரத்துல இருந்தே மெஷினுக்குள்ள நுழையறது) அரை செகண்டு லேட்டாகுதேன்னு நோண்டப் போய் 2024 மார்ச் 29ல ஊருக்கு சொல்லிட்டாரு. பெரும்பாலான மெஷினுக்கு போய் சேர்றதுக்குள்ள புடிச்சாச்சு. கோடு தொறந்து கெடந்ததாலதான் அவரால நோண்ட முடிஞ்சுது, சரி. ஆனா அவருக்கு அன்னைக்கு அந்த அரை செகண்டு உறுத்தலன்னா? அதிர்ஷ்டமும் அதுல இருக்கு. உலகமே நம்பி இருக்கற சாமானை சம்பளம் இல்லாம ஒத்தை ஆள் பாத்துக்கறதுதான் அங்க ஓட்டை, அந்த ஓட்டையை இன்னும் யாரும் சரியா அடைக்கல.

பையன் கேம் ஆடுவான். லினக்ஸ்ல அது ஓடுமா? — வில்லியனூர்

என்ன கேம்ங்கறதை பொறுத்து. வால்வ்ங்கற கேம் கம்பெனி 2018ல விண்டோஸ் கேமை லினக்ஸ்ல ஓட்டறதுக்கு புரோட்டான்னு ஒண்ணு விட்டப்புறம் நெலமை ரொம்ப மாறிடுச்சு, அவங்க 2022ல விட்ட, கையில புடிச்சு கேம் ஆடற ஸ்டீம் டெக்கே லினக்ஸ்தான். பையன் வேலரன்ட் ஆடறவன்னா ஓடாது, அவனை கேக்காம விண்டோஸை தூக்கிட்டு அப்புறம் எனக்கு போன் பண்ணாதீங்க.

எங்க அம்மாவுக்கு 71 வயசு, மத்தியானம் ஆனா கம்ப்யூட்டர்ல சீட்டு விளையாடுவாங்க. அதுக்காகவே மாத்தாம வச்சிருக்கேன். — நெய்வேலி

மின்ட்ல சாப்ட்வேர் மேனேஜர்ல ஐல்ரியாட்னு தேடுங்க, அதுல சொலிட்டேர் வகை மட்டுமே எண்பதுக்கு மேல இருக்கு, விளம்பரம் இல்ல. அம்மா வழக்கமா ஆடறது கிளாண்டைக்குன்னு பேர்ல இருக்கும். சீட்டு சின்னதா தெரிஞ்சா ஜன்னலை முழுசா விரிச்சு விடுங்க, சீட்டும் கூடவே பெருசாகும்.