பாட்டுக்கும் அகோஸ்டிக் கிட்டாருக்கும் சேர்த்து ஒரே போர்ட்டபிள் ஆம்ப்: எதைப் பார்த்து வாங்குவது?

வாட் கணக்கைப் பிறகு பாருங்கள், முதலில் உள்ளீடுகள். குரலுக்கு எக்ஸ்எல்ஆர் (மூன்று முனை மைக் கேபிள்) மைக் உள்ளீடு, வாத்தியத்துக்குத் தனிச் சேனல், இரண்டுக்கும் தனித்தனி ஈக்யூ (பேஸ், ட்ரெபிள் போன்றவற்றைக் கூட்டிக் குறைக்கும் வசதி) அவசியம். கண்டென்சர் மைக் என்றால் 48 வோல்ட் ஃபேன்டம் பவரும் (கேபிள் வழியாகவே மைக்குக்குப் போகும் மின்சாரம்) வேண்டும்.

பலரும் சறுக்குவது பீசோ பிக்கப்பில்தான் (கிட்டாரின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் உணரி). பிரீஆம்ப் (சிக்னலை ஆம்புக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சிறு சுற்று) இல்லாத பீசோவைச் சாதாரண லைன் உள்ளீட்டில் செருகினால் பேஸ் காணாமல் போய், தகரம் தட்டுவதுபோல் கேட்கும். பீசோ மின்சுற்றில் ஒரு கெப்பாசிட்டராகவே நடந்துகொள்கிறது. உள்ளீட்டு இம்பீடன்ஸ் (சிக்னலுக்கு உள்ளீடு காட்டும் மின்தடுப்பு) குறைந்தால் கீழ் அதிர்வெண்கள் வெட்டுப்படும். குறைந்தது 1 மெகாஓம் இருக்கட்டும். இல்லையென்றால் நடுவில் ஒரு பிரீஆம்ப் வையுங்கள். எலக்ட்ரிக் கிட்டார் ஆம்ப் இதற்கு உதவாது: பொதுவாக ட்வீட்டர் (உச்ச ஒலிகளுக்கான சிறு ஸ்பீக்கர்) இருக்காது, குரல் மூடிப்போகும்.

30 வாட்டிலிருந்து 60 வாட்டுக்குப் போனால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. அதனால் அதிகபட்ச எஸ்பிஎல் (ஆம்ப் எழுப்பும் ஒலி அழுத்தம், டெசிபலில்) அளவை ஒப்பிடுங்கள். பேட்டரி நேரம் பெரும்பாலும் மிதமான ஒலியளவில் கணக்கிட்டது. உங்கள் நிகழ்ச்சியைப்போல் இரு மடங்கு நேரம் தாங்குவதாகப் பார்த்து எடுங்கள்.

வீறிடல் (ஆம்பின் ஒலி மைக்குக்குள் திரும்பிப் போய் எழும் கூச்சல், ஃபீட்பேக்) வந்தால் ஒலியைக் குறைப்பதோடு நிறுத்தாதீர்கள். ஆம்பை மைக்கைத் தாண்டி, கேட்பவர்கள் பக்கம் நகர்த்துங்கள். கார்டியாய்டு மைக்கின் (முன்பக்க ஒலியை அதிகமாகவும் பின்பக்க ஒலியைக் குறைவாகவும் எடுப்பது) பின்பக்கம் ஆம்பை நோக்கி இருக்கட்டும். கிட்டார் உறுமினால் முதலில் ஃபேஸ் சுவிட்ச்சை (சிக்னலின் அலையைத் தலைகீழாக்குவது) மாற்றிப் பாருங்கள், பிறகு நாட்ச் ஃபில்டர் (ஒரு குறுகிய அதிர்வெண்ணை மட்டும் வெட்டுவது). குரல் சேனலில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடலாம்.