பல வருடம் சர்வர் கணினிகளைப் பராமரித்தவர் தன் மேசைக் கணினியில் எந்த இயங்குதளம் வைத்துக்கொள்ளலாம்?

உங்கள் சர்வர்களில் டெபியன் என்ற லினக்ஸ் ஓடினால், மேசையிலும் அதன் நிலையான பதிப்பான டெபியன் ஸ்டேபிளையே போடுங்கள். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

ஒரு காலத்தில் தினமும் புதுப்பிப்பு வரும் லினக்ஸ் ஒன்றை ஆசையாக வைத்திருந்தேன். ஒருநாள் நடு இரவில் சர்வர் விழுந்துவிட்டது என்று அழைப்பு. மடிக்கணினியைத் திறந்தால், மாலையில் போட்ட புது கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) வைஃபை வரவில்லை. சர்வரைச் சரிசெய்யும் முன் என் கணினியைச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. நம் கையில் இருக்கும் கருவி முதலில் நிலையாக இருக்க வேண்டும்.

இன்னொரு லாபம், சர்வரில் வரப்போகும் மாற்றம் முதலில் நம் மேசையிலேயே தெரிந்துவிடும். 2023-இல் டெபியன் 12-ஐப் புதிதாக நிறுவியபோது /வார்/லாக் அடைவில், உள்நுழைவுகளைப் பதியும் ஆத்.லாக் கோப்பே இல்லை. பதிவுகளைக் கோப்பில் எழுதும் ஆர்சிஸ்லாக் தானாக நிறுவப்படுவதில்லை, எல்லாவற்றையும் ஜர்னல்சிடிஎல் என்ற கட்டளையில்தான் பார்க்க வேண்டும். தவறான கடவுச்சொல்லோடு திரும்பத் திரும்ப நுழையப் பார்ப்பவர்களைத் தடுக்கும் ஃபெயில்2பேன் அந்தக் கோப்பை நம்பியிருந்ததால் எழவே இல்லை. அது பதிவுகளை எங்கிருந்து படிக்கிறது என்பதைச் சொல்லும் பேக்எண்ட் அமைப்பை சிஸ்டம்டி என்று மாற்ற வேண்டியிருந்தது. இதை என் மடிக்கணினியில் கற்றதால், புது சர்வர்களில் தடுமாறவில்லை.

மென்பொருள் பழசாக இருக்குமே என்றால், உண்மைதான். உலாவிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் ஒழுங்காக வருகின்றன. மற்ற மென்பொருள்களின் புதுப் பதிப்புகளைத் தனியாக நிறுவ ஃப்ளாட்பாக் என்ற வசதி போதும். வைஃபை வேலை செய்யத் தேவையான ஃபர்ம்வேரும் டெபியன் 12 முதல் நிறுவியிலேயே வருகிறது.

உங்கள் சர்வர்கள் ரெட்ஹாட் வகை லினக்ஸ் என்றால், அதே குடும்பத்து ஃபெடோரா பொருந்தும். ஆனால் ஒவ்வொரு பதிப்புக்கும் ஆதரவு சுமார் 13 மாதம்தான், பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், அலுவலகம் முழுக்க ஆக்டிவ் டைரக்டரி (பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் முறை) என்றால் விண்டோஸிலேயே இருந்து, அதற்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் போட்டுக்கொள்வது நல்லது.