அபார்ஷனுக்கு அப்புறம் ஆஸ்பத்திரில என்ன கேக்கணும்? சில கேள்விகள், பதில்கள்

"மெடிக்கல் ஷாப்ல மாத்திரை வாங்கி போட்டு பதினோரு நாள் ஆச்சு டாக்டரம்மா, இன்னும் கறை படுது, கார்டு டெஸ்ட்ல ரெண்டு கோடு காட்டுது. ஆஸ்பத்திரி போனா திட்டுவாங்களா?" (காசிமேடு)

கோட்ட பாத்து பயப்படாதீங்கம்மா, கர்ப்ப ஹார்மோன் இறங்க 4 வாரம் வரைக்கும் ஆவும். லேசா கறை ரெண்டு மூணு வாரம் படுறதும் சகஜம்தான். ஆனா நீங்க ஸ்கேனே எடுக்காம மாத்திரை போட்டிருக்கீங்க, கரு குழாய்ல தங்கியிருந்தா இந்த மாத்திரை வேலை செய்யாது, அதனால நாளைக்கே போய் ஒரு ஸ்கேன் எடுத்துடுங்க. ஒரு மணி நேரத்துக்கு 2 பேடு வீதம் ரெண்டு மணி நேரம் தொடர்ந்து நனைஞ்சா, காய்ச்சல் 100.4 தாண்டினா, நாத்தம் அடிச்சா, ஒரு பக்கமா வலிச்சு மயக்கம் வந்தா காலைல பாத்துக்கலாம்னு இருக்காம உடனே 108. திட்டுனா திட்டட்டும், மாத்திரை போட்டத மட்டும் மறைக்காதீங்க.

"கல்யாணம் ஆகி மூணு வருஷம். சிகிச்சைக்கு புருஷன் கையெழுத்து வேணும்னு திருப்பி அனுப்பிட்டாங்க." (வியாசர்பாடி)

18 வயசு முடிஞ்சா உங்க கையெழுத்து போதும், 1971 கருக்கலைப்பு சட்டத்துலயே அப்படித்தான் இருக்கு, மனநலம் சரியில்லாதவங்களுக்கு மட்டும் தான் கார்டியன் வேணும். கல்யாணம் ஆகலங்கற காரணத்துக்காக 24 வாரம் வரைக்கும் கருவ கலைக்கிற உரிமைய மறுக்கக்கூடாதுன்னு 2022ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. உங்க பேர வெளிய சொன்னா ஒரு வருஷம் வரை ஜெயில்.

"நான் ஸ்டாப் நர்ஸ். எங்க வார்டுல என்ன மாத்தலாம்?" (தண்டையார்பேட்டை)

இந்த கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன். காசே ஆவாத மாத்தம் ஒண்ணு சொல்றேன், அபார்ஷன் ஆனவங்கள பிரசவம் ஆனவங்க பக்கத்துல படுக்க வைக்காதீங்க, பக்கத்து பெட்டுல பச்சப்புள்ள அழுவுற சத்தத்த கேட்டுக்கிட்டே அந்த பொண்ணு ராத்திரி பூரா சுவத்த பாத்து படுத்திருக்கறத நானே பல தடவ பாத்திருக்கேன். அடுத்து, டி அண்ட் சின்னு கர்ப்பப்பைய கருவி போட்டு சுரண்டுற பழக்கம் இன்னும் போகல. வேணாம்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது, கர்ப்பப்பைல இருக்கறத கையால உறிஞ்சி இழுக்குற எம்விஏ சிரிஞ்ச் இருந்தா போதும், கரண்ட் கூட வேணாம். வலி மாத்திரைய முன்னாடியே குடுங்க, 'இப்ப கத்துறியா'ன்னு கேக்கற வாய மூடுங்க (எனக்கும் சேத்து தான் சொல்றேன், சின்ன வயசுல நானும் கேட்டிருக்கேன்). டிஸ்சார்ஜ் ஆவறதுக்குள்ள குடும்ப கட்டுப்பாடு பத்தி பேசிடுங்க, ரெண்டு வாரத்துக்குள்ளயே மறுபடி கரு தரிக்கலாம், பீரியட்ஸ் வரட்டும்னு காத்திருந்து ஏமாந்தவங்க நிறைய. எம்விஏ முடிஞ்ச கையோட, இன்ஃபெக்ஷன் இல்லன்னா, காப்பர் டி போடலாம். அந்தராங்கற கருத்தடை ஊசியும் அரசு ஆஸ்பத்திரில ஃப்ரீ. ஆனா 'காப்பர் டி போட்டாத்தான் க்ளீன் பண்ணுவோம்'னு மிரட்டுறது அநியாயம், அத யாரு செஞ்சாலும் நிறுத்துங்க.

"மீன் விக்கிறேன். எப்ப கூடைய தூக்கலாம், இன்னா சாப்படலாம்?" (ராயபுரம்)

தலை சுத்தல் இல்லாம உடம்பு தாங்குச்சுன்னா தூக்கலாம், மொத வாரம் கனத்த கூடை மட்டும் வேணாம். பத்தியம்லாம் கிடையாது, நெத்திலி, முருங்கைக்கீரை தாராளமா சாப்புடுங்க. இரும்பு சத்து மாத்திரைய மட்டும் டீயோட போடாதீங்க, டீ குடிச்சா ஒரு மணி நேரம் கழிச்சு போடுங்க.