15 வருஷத்துக்கு மேல ஓடின கார்ல இன்ஜின் மவுண்டிங்கை வீட்லயே மாத்த முடியுமா?

முடியும். நான் மாத்திருக்கேன். என்ன, ஒரு வேலைய ரெண்டு தடவை செஞ்சேன், அதான் இந்தக் கேள்வியப் பாத்ததும் கை சும்மா இருக்க மாட்டேங்குது.

நீங்க கேட்டிருக்கிற விதத்தப் பாத்தா கதை எனக்கே தெரியும். சிக்னல்ல நின்னா வண்டி உதறுது, மெக்கானிக் ஒரு பெரிய தொகை சொல்லிட்டாரு, அப்புறம் ராத்திரி பன்னண்டு மணிக்கு யூட்யூப்ல எவனோ பத்து நிமிஷத்துல மவுண்டிங் மாத்திக் காட்டுறதப் பாத்திருப்பீங்க. அந்தப் பத்து நிமிஷத்த மட்டும் நம்பாதீங்க. அவன் போல்ட்ல துரு இல்ல.

என் வண்டி 2004 மாருதி 800 ஏசி. மூணு சிலிண்டர், 796 சிசி. மூணு சிலிண்டர்னாலே கொஞ்சம் ஆடும், ஒரு முனை தூக்கும் இன்னொரு முனை இறங்கும், அந்த ஆட்டத்தை பாடிக்கு விடாம புடிச்சு வைக்கிறதுதான் மவுண்டிங் ரப்பரோட வேலை. டைமிங் பெல்ட் பக்கம் ஒண்ணு, கியர்பாக்ஸ் பக்கம் ஒண்ணு, பின்னாடி ஃபயர்வால் (இன்ஜினுக்கும் நாம உக்கார்ற இடத்துக்கும் நடுவுல இருக்கிற தகடு) ஓரமா ஒண்ணு. இதுல 2015 டிசம்பர் வெள்ளத்துல எங்க முடிச்சூர்ல வண்டி ரெண்டு நாள் தண்ணியில நின்னுது, அதுக்கப்புறம் அடியில இருக்கிற ஒவ்வொரு போல்ட்டும் வெல்டிங் வச்ச மாதிரி ஆயிடுச்சு. அத அப்புறம் சொல்றேன்.

உதறல் மொதல்ல ஏசி போட்டு நிக்கும்போது மட்டும்தான் இருந்துச்சு. அப்புறம் எப்பவுமே. கண்ணாடியில பின்னாடி வர்ற ஒரு லாரி ரெண்டு லாரியா தெரியும். டேஷ்போர்டுல ஒட்டியிருந்த பிள்ளையார் ஒருநாள் பெருங்களத்தூர் பாலத்துல கழண்டு என் மடியில விழுந்தாரு. மனைவி அதையே சகுனம்னு புடிச்சிக்கிட்டு வண்டிய வித்துடுங்கன்னு ஆரம்பிச்சிட்டா. மெக்கானிக் கிட்ட போனேன். பிளக் மாத்தினாரு, த்ராட்டில் பாடி கிளீன் பண்ணாரு, ரெண்டு நாள் கழிச்சு "இன்ஜின் இறக்கணும் சார், இருபத்திரெண்டாயிரம் ஆகும்"னாரு. மவுண்டிங் பாத்தீங்களான்னு கேட்டேன். "அதெல்லாம் ஜம்முனு இருக்கு சார்." ஊர்ல எல்லா மெக்கானிக்கும் இப்படின்னு நான் சொல்லல, யாரும் சண்டைக்கு வராதீங்க. என் அனுபவத்த சொல்றேன், அவ்ளோதான்.

அன்னைக்கு ராத்திரி வீட்டு பார்க்கிங்ல நானே பாத்தேன். செலவில்லாத டெஸ்ட். பானெட்டத் தெறந்து வச்சு, ஹேண்ட் பிரேக் இழுத்து, கால் பிரேக்க நல்லா அமுத்திக்கிட்டு, ஃபர்ஸ்ட் கியர் போட்டு கிளட்ச லேசா, ரொம்ப லேசா விடணும். அப்புறம் அதே மாதிரி ரிவர்ஸ்ல. பாக்கிற ஆளு வண்டிக்கு பக்கவாட்டுல நிக்கணும், முன்னாடியோ பின்னாடியோ நிக்கவே கூடாது. என் பையன் ஓரமா நின்னு போன்ல வீடியோ எடுத்தான். ரிவர்ஸ் போட்டதும் அவன் சொன்னது, "அப்பா, இன்ஜின் எந்திரிக்குதுப்பா." நெஜமாவே எந்திரிச்சுது, டொக்குனு ஒரு சத்தத்தோட திரும்ப உக்காந்துச்சு. கொஞ்சம் அசையறது சகஜம். தூக்கி அடிச்சா மவுண்டிங் போச்சு. இந்த டெஸ்ட்ல இன்ஜின் ஒழுங்கா உக்காந்திருந்து, ஆனா வண்டி விட்டு விட்டு உதறுதுன்னா அது ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில் சமாச்சாரமா இருக்கலாம், மவுண்டிங்ல கைய வைக்காதீங்க.

மறுநாள் சென்னையில ஸ்பேர் பார்ட்ஸ் கடைங்க இருக்கிற ஜி.பி. ரோடு போய் மூணு மவுண்டிங்கும் வாங்கினேன். ரெண்டாயிரத்துக்குக் கொஞ்சம் உள்ள. புதுப்பேட்டைல பழசு இன்னும் கம்மிக்குக் கிடைக்கும்னு ஒரு நண்பர் சொன்னாரு. ரப்பர் சாமானப் பழசா வாங்குறது எனக்குப் புரியல, ஓடினாலும் ஓடாட்டியும் ரப்பருக்கு வயசாகும். ஒண்ணு மட்டும் மாத்தினா போதாதான்னு கேப்பீங்க. ஒண்ணு செத்துட்டா அதோட பாரத்தையும் மத்த ரெண்டும்தான் சுமந்திருக்கும், இருபது வருஷ வண்டியில அதுங்களும் பாதி உயிராத்தான் இருக்கும்.

இனிமே சொல்றதக் கவனமா படிங்க. இந்த வேலையில ஆபத்து ஸ்பேனர்ல இல்ல, ஜாக்குலதான். டிக்கியில வர்ற ஜாக்க நம்பி வண்டிக்கு அடியில போகாதீங்க. ஹாலோ பிளாக்கு, செங்கல்லு எல்லாம் வேண்டவே வேண்டாம், அது சொல்லாம கொள்ளாம உடையும். ரெண்டு ஜாக் ஸ்டாண்ட் (ஜாக்கால தூக்கின வண்டிய தாங்கி நிக்கிற இரும்பு ஸ்டாண்ட்) வாங்குங்க, இல்ல யார்கிட்டயாவது இரவல் வாங்குங்க. பின் சக்கரத்துக்கு கல்லு வைங்க. எங்க பார்க்கிங்ல பேவர் பிளாக் போட்டிருக்காங்க, முந்தின நாள் மழை வேற, ஸ்டாண்ட் வச்ச இடத்துல ஒரு கல்லு மெதுவா ஒரு பக்கமா சரிஞ்சு உள்ள போறத என் கண்ணால பாத்தேன். நல்லவேளை, அப்போ நான் வெளியில டீ குடிச்சிட்டு இருந்தேன். அப்புறம் அடியில ஒரு தடிப்பான பலகை போட்டு திரும்ப நிறுத்தினேன்.

இந்த பேவர் பிளாக் விஷயத்துல எனக்கு ஒரு ஆத்திரம் இருக்கு, சொல்லிடறேன். நான் வேலை பாத்த மறுநாள் எங்க அசோசியேஷன் வாட்ஸப் குரூப்ல என் பார்க்கிங்ல இருந்த ஆயில் கறையை வட்டம் போட்டு போட்டோ போட்டாங்க, கிளீனிங் சார்ஜ் ஐநூறு ரூபான்னு. வாராவாரம் தண்ணி லாரி ரிவர்ஸ் எடுத்து அதே கல்லுங்கள உடைச்சு, வடிகால் மூடிய ரெண்டா பொளந்து வச்சிருக்கு, அதுக்கு ஒரு போட்டோவும் இல்ல. கேட்டா "அது காமன் ஏரியா சார்"ங்கறாங்க. என் எடம் மட்டும் காமன் இல்லையாம். சரி விடுங்க.

வேலைக்கு வர்றேன். பேட்டரி நெகட்டிவ் கழட்டிடுங்க. இன்ஜின தாங்க இன்னொரு ஜாக், ஆயில் சம்ப்புக்கும் (இன்ஜின் அடியில ஆயில் தேங்குற தொட்டி) ஜாக்குக்கும் நடுவுல அகலமான மரக்கட்டை. நேரா வச்சு தூக்கினா சம்ப்பு நசுங்கும். இன்ஜின தூக்குறதுன்னா மேல கொண்டுபோறது இல்ல, பாரத்த வாங்கினா போதும். ரேடியேட்டர் ஹோஸ், ஏசி பைப், சைலன்சர் பைப் எதுவும் இழுபடுதான்னு பாத்துக்கிட்டே இருக்கணும். ஒரு நேரத்துல ஒரு மவுண்டிங்தான். பழசக் கழட்டி, புதுச மாட்டி, போல்ட்ட கையாலயே நாலு மரை ஏத்திட்டு அடுத்ததுக்குப் போகணும்.

சொல்ல சுலபம். பின்னாடி மவுண்டிங் போல்ட்டு அசையவே இல்ல. முந்தின நாள் ராத்திரியே துருவ இளக்குற டபிள்யூடி-40 ஸ்பிரே அடிச்சு வச்சிருந்தேன், அப்பவும் இல்ல. அவசரத்துல ஓபன் ஸ்பேனர் போட்டேன், தலை மழுங்க ஆரம்பிச்சிடுச்சு. துரு புடிச்ச போல்ட்டுக்கு ரிங் ஸ்பேனரோ சாக்கெட்டோதான். மறுபடி அடிச்சு, ஒரு மணி நேரம் ஊற விட்டு, மச்சான் குழாய் ஒண்ணு கொண்டுவந்து ஸ்பேனர்ல சொருகி ரெண்டு பேரும் சேர்ந்து இழுத்ததுல டங்குனு ஒரு சத்தம். போல்ட் உடைஞ்சிடுச்சுன்னே நெனச்சேன். லூஸ் ஆயிருந்துச்சு.

வெளியில வந்த பழைய ரப்பரப் பாத்தா, ஜம்முனு இருக்காம்! இன்ஜின் மேல மூடியா இருக்கிற டாப்பெட் கவரோட பேக்கிங்ல கசிஞ்ச ஆயில் அது மேலயே வடிஞ்சு வடிஞ்சு ரப்பர் பழைய அல்வா மாதிரி பிசுபிசுன்னு ஊதிப்போய், நடு இரும்பு தனியா கையோட வந்துச்சு. அந்த பேக்கிங்கையும் சேத்து மாத்துங்க, இல்லன்னா புதுசுக்கும் அதே கதிதான்.

சாயங்காலம் நாலு மணிக்கு எல்லாத்தையும் முறுக்கி டைட் வச்சு, ஃபேமிலி குரூப்ல "இருபத்திரெண்டாயிரம் மிச்சம்"னு போட்டோவும் போட்டுட்டு ஸ்டார்ட் பண்ணேன். டொக்கு சத்தம் போயிடுச்சு. ஆனா ஐடில்ல, அதாவது வண்டி நின்னு இன்ஜின் மட்டும் ஓடும்போது, புதுசா ஒரு உர்ர்ர்னு அதிர்வு, சீட்டு வழியா முதுகுக்கே வருது. பழசே தேவலைங்கற மாதிரி. ஒரு வாரம் வீட்ல வாயே தெறக்கல.

கடைசியில எதிர் பிளாக்ல ஒரு பெரியவர், சென்னை அரசு பஸ்ஸுக்கு பல்லவன்னு பேர் இருந்த காலத்துல இருந்து டிப்போல பஸ் மெக்கானிக்கா இருந்து ரிட்டயர் ஆனவர், அவர் கிட்ட போய் நின்னேன். பானெட்டக் கூட தெறக்கல. ஓடுற வண்டி மேல உள்ளங்கைய வச்சுப் பாத்துட்டு, "தம்பி, இன்ஜின் ஜாக்குல தொங்கும்போதே டைட் வச்சிட்டியா?"ன்னு கேட்டாரு.

ஆமா. அதேதான். இன்ஜின் ஜாக் மேல கோணலா நிக்கும்போது ஃபுல் டைட் வச்சா ரப்பர் முறுக்கின நிலையிலயே மாட்டிக்கும், அப்புறம் ஜாக்க எடுத்ததும் அது எப்பவும் விறைப்பாவே இருந்து அதிர்வ அப்படியே பாடிக்கு அனுப்பும். மறுபடி ஞாயித்துக்கிழமை. வண்டிய ஆஃப் பண்ணி, இன்ஜின் பாரம் மவுண்டிங் மேலயே இருக்கிறப்போ போல்ட்டுங்கள கழட்டாம ரெண்டு சுத்து லூஸ் பண்ணி, இன்ஜின கையால புடிச்சு முன்ன பின்ன நல்லா ஆட்டி உக்கார வச்சு, அப்புறம் ஒவ்வொண்ணா டைட். முக்கால் மணி நேரம்கூட ஆகல. அதிர்வு போயிடுச்சு. மூணு சிலிண்டர் ஆட்டம் கொஞ்சம் இருக்கத்தான் செய்யுது, அது பொறவியிலயே உள்ளது.

"இந்தப் பழைய வண்டிக்கு இவ்ளோ பாடா, ஸ்கிராப்ல போடு"ன்னு ஒருத்தராவது கமெண்ட்ல வருவாரு, தெரியும். 2019ல ஆர்.சி ரினீவலுக்கு 600 ரூபா ஃபீஸ் கட்டினேன், 2024ல 5,000 கட்டினேன். இப்போ 20 வருஷம் தாண்டின காருக்கு 10,000 ஆக்கிட்டாங்க. கட்டுறது நான்தானே, வண்டியும் என்னோடதுதானே. இன்னும் சிலர் ரப்பருக்கு பதிலா பாலியூரித்தேன் மவுண்டிங் போடச் சொல்வாங்க, அது ரேஸ் ஓட்டுறவங்களுக்கு, பல்லு ஆடுற அளவுக்கு அதிர்வு வரும்.

நூறு கிலோமீட்டர் ஓட்டினதும் போல்ட்ட ஒரு தடவை செக் பண்ணுங்க, எனக்கு கியர்பாக்ஸ் பக்கத்துது கால் சுத்து புடிச்சுது. உங்க வண்டி என்ன மாடல்னு போடவே இல்லையே? டீசல் வண்டின்னா நான் சொன்னதுல பாதி வேற மாதிரி, இன்ஜின் கனமும் ஜாஸ்தி. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மாடலச் சொல்லுங்க.